6 லட்சம் நிதி வருகிறது: கிரைண்டர் வாங்கலாமா? பிளாஸ்டிக் பொறுக்குபவர்களுக்கு எது உண்மையில் உதவும்?

#1 ஏரிக்கரை_சங்கம்

வணக்கம். தாம்பரம் பக்கம், சுமார் 1,500 வீடுகள் உள்ள பகுதி. 14 பேர், அதில் 9 பெண்கள், தெருவில் பொறுக்கியும் வீடுகளில் கேட்டு வாங்கியும் பிழைக்கிறார்கள். எல்லாரும் ஒரே பழைய இரும்புக் கடையில்தான் போடுகிறார்கள். பிளாஸ்டிக் மட்டும் நாளுக்கு 90 முதல் 110 கிலோ தேறுகிறது. 600 சதுர அடிக் கொட்டகை ஒன்றை உள்ளாட்சி ஒதுக்கித் தருகிறது. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 6 லட்சம் ரூபாய் வரப்போகிறது. அவர்களுக்கு இயந்திரம் வாங்கினால் திருப்தி, பெயர்ப்பலகை ஒட்டலாம் இல்லையா.

15 குதிரைத்திறன் கிரைண்டர் வாங்கி, பாட்டிலைச் சில்லாக்கி நேரடியாக ஆலைக்கு விற்றால் இவர்களுக்குக் கூலி கூடுமா? கூடாது என்றால் அந்தப் பணத்தை எதில் போடலாம்?

#2 காயலாங்கடைக்_கணக்கு

கிரைண்டர் வேண்டாம். முதல் காரணம் வியாபாரம். முழு பாட்டிலாக இருக்கும்வரை வாங்குகிறவர் கண்ணால் பார்த்து விலை சொல்வார். சில்லாக்கிவிட்டால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாத சரக்குக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள், கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைத்துத்தான் தொடங்குவார்கள். புது ஆளின் சில்லு என்றால் இன்னும் மோசம். கழுவும் ஆலைகளிடம் பெரிய கிரைண்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் சில்லு அவர்களுக்கு எந்த வேலையையும் மிச்சப்படுத்தாது.

இரண்டாவது, செலவு. மும்முனை மின்சாரம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, கத்தி சாணை. கத்தி மழுங்கினால் சத்தம் மாறும், தூள் கூடும். அந்தத் தூள் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும், அதனால் வாங்குகிறவர் எடையில் கழித்துக்கொள்வார். மண் ஒட்டிய குடமும் வாளியும் போட்டால் கத்தி ஒரு வாரம்கூட கூர்மையாக நிற்காது. வீடுகளுக்கு நடுவே உள்ள கொட்டகை என்றால் சத்தத்துக்காகவே பத்து நாளில் புகார் வரும்.

பணம் இருப்பது பிரிப்பதில். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் பக்கம் மூன்று கடைகளில் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 40 கிலோ கலவையாகப் போட்டால் கிலோ 10 ரூபாய், மொத்தம் 400. அதே 40 கிலோவைப் பிரித்தால்: வெள்ளை பெட் பாட்டில் (நிறமில்லாத தண்ணீர், குளிர்பான பாட்டில்) 16 கிலோ, 25 ரூபாய் வீதம் 400. கேன், ஷாம்பு பாட்டில், குடம் 10 கிலோ, 30 வீதம் 300. கழுவிய பால் கவர் 6 கிலோ, 20 வீதம் 120. மீதி 8 கிலோ, 3 ரூபாய் வீதம் 24. கூட்டினால் 844. எந்த இயந்திரமும் இல்லாமல் இரட்டிப்பு. இந்த வித்தியாசத்தை இப்போது கடைக்காரர் ஆள் வைத்துப் பிரித்து எடுத்துக்கொள்கிறார். அவரைத் திட்டுவதில் பயனில்லை, அவர் அந்த வேலையைச் செய்கிறார். அதை இவர்கள் செய்தால் இவர்களுக்கு.

#3 பாலிமர்_பித்தன்

மேலே சொன்ன "உள்ளே என்ன கலந்திருக்கிறது" என்பதை விரிக்கிறேன். பெட்டுக்கு எமன் பி.வி.சி. பெட் 250 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும், ஆலையில் 260 முதல் 280 வரை சூடாக்குவார்கள். பி.வி.சி 200 டிகிரியைத் தாண்டுவதற்குள் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் பெட்டின் சங்கிலியை அறுக்கும், சரக்கு மஞ்சளாகும், கரும்புள்ளி விழும், இயந்திரத்தின் திருகும் அரிக்கும். ஒரு டன்னில் 100 கிராம் கலந்தாலே தரம் இறங்கும்.

தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பெட்டின் அடர்த்தி சுமார் 1.38, பி.வி.சிக்கும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டும் மூழ்கும். ஆகவே பாட்டில் பாட்டிலாக இருக்கும்போதே கண்ணால் பொறுக்கி எடுத்தால்தான் உண்டு. அரைத்த பிறகு விமோசனம் இல்லை. கிரைண்டர் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடையாளம்: பாட்டிலைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். பெட்டில் நடுவே ஒரு புள்ளி முடிச்சு இருக்கும். பி.வி.சி பாட்டிலில் புள்ளிக்குப் பதில் ஒட்டு விழுந்த கோடு, பிறை மாதிரி. பக்கத்தை மடக்கி அழுத்தினால் பி.வி.சி மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், பெட்டில் அப்படித் தெளிவாக விழாது. செம்புக் கம்பியைச் சூடாக்கி அதில் தொட்டுத் தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வரும் என்ற சோதனையும் உண்டு. அந்தப் புகை நல்லதல்ல, கொட்டகையில் தினசரி செய்யவேண்டாம்.

#4 ஏரிக்கரை_சங்கம்

நன்றி. பிரிப்பது என்றே வைத்துக்கொள்வோம். இவர்களில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. அடியில் முக்கோணத்துக்குள் உள்ள, பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண்ணைப் பார்த்துப் பிரிக்கச் சொல்ல முடியாது. எத்தனை வகையாகப் பிரிக்க வேண்டும்? எதை எதோடு சேர்க்கக் கூடாது?

#5 பாலிமர்_பித்தன்

எண்ணை நம்பிப் பிரிக்கும் கடை எதுவும் இல்லை. பாதிப் பொருளில் எண்ணே இருக்காது. கையும் காதும் போதும். தொடக்கத்தில் ஏழு சாக்கு போதுமானது.

ஒன்று, நிறமில்லாத பெட் பாட்டில். தண்ணீர், குளிர்பானம். இதுதான் அதிக அளவு. மூடியும் கழுத்து வளையமும் பெட் அல்ல, ஹெச்.டி (கெட்டி ரகப் பாலிஎதிலீன்) அல்லது பி.பி (பாலிப்ரொப்பிலீன்). அரைத்தால் அவை மிதக்கும், பெட் மூழ்கும், ஆலையில் தானாகப் பிரியும். எனவே வளையத்தைக் கத்தியால் அறுத்து எடுக்க நேரத்தைச் செலவிடாதீர்கள். மூடியை மட்டும் திருகி எடுங்கள், காற்று வெளியேறும், மூடியைத் தனியாக விற்கலாம். பாட்டில் முழுவதும் போர்த்திய சுருங்கு லேபிள் இருந்தால் கட்டாயம் உரிக்க வேண்டும். அது பி.வி.சியாக இருக்கலாம், அல்லது பெட்-ஜி என்ற இன்னொரு பெட் ரகம். பெட்-ஜி என்றால் பெட்டோடு மூழ்கி, உலர்த்தும் தொட்டியில் முன்னதாக இளகி எல்லாவற்றையும் கட்டியாக்கிவிடும். காகிதமோ மெல்லிய பட்டை லேபிளோ இருந்தால் விட்டுவிடலாம்.

இரண்டு, பச்சையும் மற்ற நிற பெட்டும். சமையல் எண்ணெய் பாட்டிலையும் இதில்தான் போடவேண்டும். ஒரு எண்ணெய் பாட்டில் பக்கத்துப் பத்து பாட்டிலை நாசமாக்கும். கேக், பழம் வரும் ஒளிபுகும் டப்பாக்கள் பெட்டாகவே இருந்தாலும் பாட்டிலோடு சேர்க்காதீர்கள். அரைக்கும்போது நொறுங்கித் தூளாகும் என்பதால் ஆலையில் ஒதுக்குவார்கள்.

மூன்று, ஊதி வார்த்த ஹெச்.டி: ஷாம்பு, பினாயில், டிடர்ஜென்ட் பாட்டில், கைப்பிடி கேன். அடியில் நீளமாக ஒட்டுக்கோடு இருக்கும், தொட்டால் மெழுகு போல, நகம் பதியும்.

நான்கு, அழுத்தி வார்த்த ஹெச்.டி: மூடி, கிரேட். அடியில் புள்ளி இருக்கும். மூன்றும் நான்கும் ஒரே பிளாஸ்டிக்தானே என்று கலப்பார்கள். உருகி ஓடும் தன்மை வேறு. ஊதி வார்க்கும் ரகம் கெட்டியாக, தயங்கித்தான் ஓடும். அழுத்தி வார்க்கும் ரகம் பல மடங்கு வேகமாக ஓடும். கலந்தால் இரண்டு வேலைக்கும் சரிப்படாது, மட்டமான குழாய்க்குப் போகும்.

ஐந்து, பி.பி: உணவு டப்பா, வாளி, நாற்காலி, குடம். தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஹெச்.டி மந்தமாக ஒலிக்கும். மூடியும் டப்பாவும் ஒரே துண்டாக மடங்கும் கீல் இருந்தால் பி.பி. குடத்தில் இரண்டு ரகமும் வரும், தட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஆறு, பால் கவர். இதைப்பற்றித் தனியாக எழுதவேண்டும், கீழே.

ஏழு, மீதி. பி.வி.சி குழாய், பொம்மை, கறுப்பு டப்பா, தெர்மாகோல், சிப்ஸ் பாக்கெட். இதில் பி.வி.சியை மட்டும் பிறகு பிரியுங்கள்.

சந்தேகம் வந்தால் இரண்டு வாளி. ஒன்றில் வெறும் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு (இல்லாவிட்டால் நீர்க்குமிழி ஒட்டி மூழ்க வேண்டியதும் மிதக்கும்). ஹெச்.டி, எல்.டி (பால் கவர் ரகப் பாலிஎதிலீன்), பி.பி மிதக்கும். இரண்டாவது வாளியில் லிட்டருக்கு 150 கிராம் கல்லுப்பு. முதல் வாளியில் மூழ்கியதை இதில் போட்டால் பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்ஸும் (மின்சாதன உறை ரகக் கெட்டிப் பிளாஸ்டிக்) மிதக்கும், பெட்டும் பி.வி.சியும் அடியில் கிடக்கும். ஏமாற்றும் சரக்கு ஒன்று உண்டு: மலிவு நாற்காலி. பி.பியில் சுண்ணாம்புத்தூள் நிறையக் கலந்திருப்பார்கள், வெறும் தண்ணீரிலேயே மூழ்கும். அதை நல்ல பி.பி சாக்கில் போட்டால் லாட் முழுவதற்கும் விலை விழும்.

#6 பால்கவர்_பார்ட்டி

பால் கவருக்கு நான் எழுதுகிறேன். அரை லிட்டர் கவர் ஒன்று 3 முதல் 4 கிராம். ஒரு கிலோவுக்கு 250-க்கும் மேல் வேண்டும். அதனால் பொறுக்குபவருக்குத் தெருவில் எடுப்பது கட்டுப்படியாகாது, வீட்டிலிருந்து சேர்த்து வாங்கினால் மட்டுமே லாபம். ஆனால் சரக்கு அருமையானது: எல்.டி, எல்.எல்.டி கலந்த ஒரே குடும்பம். குப்பைப் பை, விவசாயக் குழாய் செய்பவர்கள் தேடி வாங்குவார்கள்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது மூன்றுதான். மூலையைத் தனியாகக் கத்தரித்து எறியாமல், ஒட்டியபடியே விட்டு வெட்டுவது. அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு குலுக்கு. ஒரு பக்கம் முழுவதும் திறந்து கிளிப்பில் காயப்போடுவது. மூடியபடி ஈரமாகச் சேர்த்தால் இரண்டு நாளில் நாற்றம் பிடிக்கும், கடைக்காரர் ஈரக்கழிவு என்று எடையில் வெட்டுவார்.

எண்ணெய் கவரும் பால் கவர் போலவே இருக்கும். ஒன்றாகப் போடாதீர்கள். எண்ணெய் கவரில் நடு அடுக்காகப் பெரும்பாலும் நைலான் இருக்கும். பால் கவரை உருக்கும் சூட்டில் நைலான் உருகாது, சின்னச் சின்னக் கட்டியாக நின்று வடிகட்டி வலையை அடைக்கும். வலையை அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வந்தால் அந்த ஆலை அடுத்த லாட்டை உங்களிடம் வாங்காது. கவரை இழுத்துப் பாருங்கள்: பால் கவர் நீளும், எண்ணெய் கவர் விறைப்பாக நிற்கும், கசக்கினால் சலசலக்கும்.

#7 தராசுத்தட்டு

எல்லாரும் பிளாஸ்டிக்கைப் பற்றியே எழுதுகிறீர்கள். கூலி கசியும் இடம் தராசு. கிலோவுக்கு 50 கிராம் ஏமாற்றினால் ஒரு நாளைக்கு 40 கிலோ போடுபவருக்கு 2 கிலோ போச்சு. மேலே கொடுத்த 25 ரூபாய் கணக்கில் 50 ரூபாய், மாதம் 26 நாளுக்கு 1,300. இதற்கு மேல் "கழிவு" என்று சாக்குக்கு ஒரு கிலோ. சாக்கு உண்மையில் 100, 150 கிராம்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது: 100 கிலோ தாங்கும் மின்னணுத் தராசு ஒன்றைக் கொட்டகையில் வையுங்கள். திரை பொறுக்குபவர் பக்கம் திரும்பி இருக்கவேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் வேலை, முத்திரை ஆய்வாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் சரிபார்த்துச் சான்று தருவார்கள். இடையில் சந்தேகம் வந்தால் கடையில் ஐந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி வைத்துப் பாருங்கள். 5 கிலோவுக்குச் சற்றே கூடுதலாகக் காட்ட வேண்டும், குறைவாகக் காட்டினால் தராசு பொய் சொல்கிறது.

சாக்குக் கழிவுக்கும் எளிய வழி: காலிச் சாக்கைத் தராசில் வைத்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு எடை போடுங்கள். சண்டையே வராது.

#8 காயலாங்கடைக்_கணக்கு

#7 சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த 14 பேரில் எத்தனை பேர் அந்தக் கடையில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள்? மகள் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று 5,000, 10,000 வாங்கியிருப்பார்கள். அது இருக்கும்வரை உங்கள் கொட்டகைக்கு நல்ல சரக்கு வராது, கடைக்குப் போய்விட்டு மிச்சம்தான் உங்களிடம் வரும். முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள். கடையின் பலம் இரண்டு: கடன் கொடுக்கிறது, அன்றே காசு கொடுக்கிறது. இந்த இரண்டையும் நீங்கள் தராவிட்டால் கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதல் கொடுத்தாலும் ஆறு மாதத்தில் காலி. கூட்டுறவு, சுய உதவிக் குழு என்று தொடங்கியவை படுத்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பணம் தருவோம் என்பார்கள். அன்றாடம் அரிசி வாங்குபவருக்கு மாதக் கடைசி எதற்கு?

கணக்கு: நாளுக்கு 100 கிலோ, சராசரி 18 ரூபாய் என்றால் 1,800. ஆலையோ பெரிய வியாபாரியோ 30 நாள் கழித்துப் பணம் தருவார். ஆக 54,000 ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். இதோடு மழைக்காலத்தில் விலை விழும்போது சரக்கைப் பிடித்துவைக்க இன்னும் ஒரு 40,000. 6 லட்சத்தில் முதல் ஒரு லட்சம் இந்தச் சுழல் நிதிக்கு. இயந்திரம் அதற்குப் பிறகு.

#9 சாலைப்_பிரியன்

கிரைண்டர் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது. விற்காத கவர்களைத் துண்டாக்கி தார்ச் சாலைக்குக் கொடுக்கலாமே? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை, 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் சுய உதவிக் குழுப் பெண்கள் துண்டாக்கி விற்றிருக்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

#10 பாலிமர்_பித்தன்

முறை நல்ல முறை, அதில் சந்தேகமில்லை. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடத்தில் உருகி மெல்லிய படலமாக ஒட்டும், பிறகு தார். ஆனால் உங்கள் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

முதலில் அளவு. தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு பிளாஸ்டிக்தான் போகும். ஒரு சாலைக்கு 10 டன் தார் என்றால் 600 முதல் 800 கிலோ. அடுத்த சாலை எப்போது என்று ஒப்பந்தக்காரருக்கே தெரியாது, மழைக்காலத்தில் வேலையே நிற்கும். பொறுக்குபவருக்குத் தினமும் வேலை.

இரண்டாவது, சாலை எல்லாக் குப்பையையும் ஏற்காது. துண்டு ஏறத்தாழ 2.36 முதல் 4.75 மில்லிமீட்டர் சல்லடை அளவில், காய்ந்து, மண் இல்லாமல் இருக்க வேண்டும். பி.வி.சி கூடவே கூடாது, அதே அமிலப் பிரச்சினை. ஆகச் சாலைக்குப் போகும் தரமான கவர் என்பது அநேகமாக மறுசுழற்சிக்கே விற்கக்கூடிய கவர். அதை ஏன் குறைந்த விலைக்குச் சாலையில் போட வேண்டும்? அலுமினியப் பூச்சுப் பாக்கெட்டைக் கழுவி உலர்த்தித் துண்டாக்கும் கூலி, அதற்குக் கிடைக்கும் விலையைவிட அதிகம்.

#11 சாலைப்_பிரியன்

மாவட்டத்தில் ஊரக வளர்ச்சித் துறை நிலையான கொள்முதல் உத்தரவு கொடுத்தால் கணக்கு மாறும். அப்படி எழுத்தில் இருந்தால் மட்டும் கிரைண்டர் வாங்குங்கள் என்று திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் மக்காத பாக்கெட் ஓடையில் கிடப்பதைவிட சாலையில் கிடப்பது மேல் என்ற என் கருத்து மாறவில்லை.

#12 உலைக்களம்

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே: இவற்றுக்கு இன்றைக்கு இருக்கும் நடைமுறை வழி சிமெண்ட் உலைதான். அரியலூர் பக்கத்து ஆலைகளுக்குச் சென்னைக் குப்பை எரிபொருளாகப் போகிறது. உலையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடு, சாம்பலும் சிமெண்டிலேயே கலந்துவிடும். அங்கேயும் பி.வி.சி எதிரிதான்: குளோரின் உலைக்குள் படிந்து வளையமாக அடைக்கும். ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

முக்கியமானது: இதற்கு யாரும் பொறுக்குபவருக்கு விலை தர மாட்டார்கள், லாரி வாடகைக்கே சரியாகப் போகும். விலை இல்லாத பொருளை விற்பனைச் சரக்காக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதைச் சேகரிப்பதற்கு வீட்டுக்காரரோ உள்ளாட்சியோ உற்பத்தியாளரோ சேவைக் கட்டணம் தரவேண்டும்.

#13 பங்கு_எங்கே

உற்பத்தியாளர் என்றதும் வந்தேன். 2022 பிப்ரவரியில் வந்த விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளின்படி கம்பெனிகள் தாங்கள் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்கு ஈடாக மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கவேண்டும். கெட்டிப் பொருள் முதல் வகை, கவர்கள் இரண்டாம் வகை, அலுமினியம் போல வேறொரு அடுக்கு கலந்த உறை மூன்றாம் வகை. 2025-26 முதல் புதிய உறைகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் கலக்க வேண்டும்: முதல் வகையில் 30 விழுக்காடு, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சான்றிதழை உருவாக்குவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிந்த மறுசுழற்சி ஆலை. பொறுக்கியவர் பெயர் அதில் எங்கும் வராது. சான்றிதழ் விற்ற பணமும் தானாகக் கீழே இறங்காது. பேசித்தான் வாங்க வேண்டும். பேசுவதற்கு உங்களிடம் காகிதம் வேண்டும்: தேதிவாரியான எடைப்பதிவு, வகைவாரியான அளவு, எடைமேடைச் சீட்டு, யாருக்கு விற்றோம் என்ற ரசீது. மூன்று மாதப் பதிவு இருந்தால் ஆலையிடம் "சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு, அது சேகரித்தவர் கணக்குக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம். ஆலைக்கும் தணிக்கைக்குச் சரக்கின் மூலம் தேவை. அங்கேதான் உங்கள் பிடி.

வரி பற்றியும் ஒரு வரி. பிளாஸ்டிக் கழிவுக்கு ஜி.எஸ்.டி 2021 அக்டோபரில் 5-இலிருந்து 18 விழுக்காடு ஆனது. பதிவில்லாத பொறுக்குபவரிடம் வாங்கும் கடைக்கு உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எதுவும் இல்லை, விற்கும்போது 18-ஐயும் முழுதாக ரொக்கமாகவே கட்டவேண்டும். பில் இல்லாத வியாபாரம் பெருகுவது ஏன் என்று இப்போது புரியும். உங்கள் ஆண்டு விற்பனை 7 லட்சத்துக்குள்தான் வரும், ஜி.எஸ்.டி பதிவு வரம்புக்கு வெகு கீழே. பதிவு கட்டாயமில்லை. ஆனால் சில ஆலைகள் பதிவு இல்லாதவரிடம் வாங்கவே மாட்டேன் என்பார்கள், ஆலையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

#14 ஏரிக்கரை_சங்கம்

நிறையத் தெளிவு. ஒரு சந்தேகம். 100 கிலோதான் என்றாலும் காலி பாட்டில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. 600 சதுர அடி போதுமா? பேல் கட்டும் (பாட்டிலை அமுக்கிக் கட்டாக்கும்) இயந்திரத்துக்கு 2.4 லட்சம் என்று ஒரு விலைப்புள்ளி வந்திருக்கிறது. அது தேவையா?

#15 காயலாங்கடைக்_கணக்கு

வாங்கத் தகுந்த இயந்திரம் என்றால் அது இதுதான். நசுக்காத பெட் பாட்டில் ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ அளவில்தான் அடங்கும். முழுச் சரக்கையும் அதே கணக்கில் போட்டால்கூட நாளுக்கு 4 கன மீட்டர், வாரத்துக்கு 28. இரண்டு மீட்டர் உயரம் அடுக்கினால் 14 சதுர மீட்டர், ஏறத்தாழ 150 சதுர அடி. ஆக ஒரு வாரச் சரக்குக்கு இடம் இருக்கிறது. பிரச்சினை வண்டி. குட்டியானை 750 கிலோ இழுக்கும், ஆனால் காற்றடைத்த பாட்டிலை ஏற்றினால் 150 கிலோவிலேயே நிரம்பிவிடும். வாடகை ஒன்றுதான். அதே பாட்டிலைப் பேல் கட்டினால் கன மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் போகும், ஒரே நடையில் ஏழு பேல், 700 கிலோ. வாடகையில் கிலோவுக்கு மிச்சமாவது முழுக்க உங்களுடையது.

பேல் கட்டுவதில் வழக்கமாகக் கெடுவது: மூடியோடு போட்டால் காற்று வெளியேறாது, கம்பி கட்டிய பிறகு பேல் உப்பி அறுத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றுங்கள், அல்லது ஆணிப்பலகையில் குத்துங்கள். ஒரு பேலில் ஒரே வகை. நடுவில் கறுப்புக் குப்பையை ஒளித்து வைத்த பேல் ஒன்று பிடிபட்டால் அந்த ஆலையில் உங்கள் பெயர் முடிந்தது. மின்மோட்டார் ஒருமுனையா மும்முனையா என்று முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள், கொட்டகையில் எந்த இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். கைகளை உள்ளே விட்டால் இயந்திரம் நிற்கும்படி கதவுப் பூட்டு இல்லாத மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

#16 கையுறை

பாதுகாப்பு பற்றி யாரும் எழுதவில்லை. நிதிக்காரர்கள் தடித்த ரப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பார்கள், மே மாத வெயிலில் யாரும் போடமாட்டார்கள், அடுத்த வாரம் அது மூலையில் கிடக்கும். உள்ளங்கை மட்டும் நைட்ரைல் பூசிய பின்னல் கையுறை வாங்குங்கள், கையின் மேல்புறம் காற்றுப் போகும், விரலுக்குப் பிடிமானம் இருக்கும். ஆளுக்கு மாதம் இரண்டு ஜோடி என்று கணக்கு வையுங்கள். ஊசி குத்தாமல் அது காக்காது, எனவே குவியலில் கைவிட்டுத் துழாவுவதற்குப் பதில் இடுப்பு உயர மேசையில் கொட்டிப் பரப்பிப் பிரிக்க வேண்டும். குனிந்து பிரிப்பதும் அதனால் நிற்கும். மேசையில் அரை அங்குலக் கண்ணி வைத்த வலை போட்டால் மண்ணும் கண்ணாடித் துண்டும் கீழே விழும். டெட்டனஸ் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும், ஒருநாள் சேர்ந்து போய்ப் போட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுப் பக்கம்: நாப்கின், டயப்பர், ஊசி, உடைந்த கண்ணாடி இவற்றைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்து டப்பாவைக் கொட்டகைக்குள்ளேயே ஏற்காதீர்கள். லித்தியம் பேட்டரி ஒன்று பேலுக்குள் நசுங்கினால் தீ. மேசையில் பார்க்க வேண்டிய முதல் பொருள் அதுதான். பாதையை மூன்றடி காலியாக வையுங்கள், மணல் வாளி, தீயணைப்பான், மேலே தொங்கும் ஒயர் இல்லாமல்.

#17 பங்கு_எங்கே

அடையாள அட்டை விட்டுப்போயிற்று. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே உள்ளாட்சிகள் பொறுக்குபவர்களை அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. உள்ளாட்சியின் முத்திரையோடு அட்டை இருந்தால் அதிகாலையில் மூட்டையோடு போகும்போது போலீஸ் கேள்வி குறையும். தூய்மைப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 முதல் கழிவு சேகரிப்பவர்களும் உண்டு, பாதுகாப்புச் சாதனமும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் அதன் வழியாக வரும். இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்) பதிவும் செய்துவிடுங்கள். ஆதாரும் அதோடு இணைந்த செல்பேசி எண்ணும் இல்லாதவர்கள்தான் எப்போதும் விடுபடுவார்கள், அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

#12 சொன்ன சேவைக் கட்டணத்துக்குப் புனேயைப் பாருங்கள். ஸ்வச் என்ற கூட்டுறவு 2008-இலிருந்து நடக்கிறது, உறுப்பினர்கள் பொறுக்குபவர்களே. வீட்டுக்காரர் தரும் மாதக் கட்டணமும் அவர்களுக்கு, விற்கும் சரக்கும் அவர்களுக்கு. கச்சா எண்ணெய் விலை சரிந்து புதுப் பிளாஸ்டிக் மலிந்தால் பழைய பிளாஸ்டிக் விலையும் கூடவே சரியும், அது பொறுக்குபவர் கையில் இல்லை. அந்த மாதத்தில் அடுப்பு எரிய கட்டணம்தான் கைகொடுக்கும். 1,500 வீட்டில் பாதி வீடுகள் மாதம் 30 ரூபாய் கொடுத்தால் 22,500. 14 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,600 ரூபாய்.

#18 ஏரிக்கரை_சங்கம்

வரைவு: சுழல் நிதி 1 லட்சம். பேல் இயந்திரம் 2.4 லட்சம். மேசை நான்கு, தராசு, சாக்கு, தீயணைப்பான், கையுறை ஓராண்டுக்கு எல்லாம் சேர்த்து 80,000. மின் இணைப்பு 40,000. கடை அட்வான்சை அடைக்க வட்டியில்லாக் கடன் 1 லட்சம். மீதி 40,000 கையில். அட்வான்ஸ் விசாரித்தோம், 14 பேரில் 11 பேருக்கு இருக்கிறது, மொத்தம் 87,000.

#19 காயலாங்கடைக்_கணக்கு

கிட்டத்தட்டச் சரி. இரண்டு மாற்றம். அட்வான்சை ஒரே நாளில் அடைக்காதீர்கள். கடைக்காரர் கோபத்தில் இரும்பும் பேப்பரும் வாங்க மாட்டேன் என்பார், அதற்கு உங்களிடம் இடமில்லை. பிளாஸ்டிக்கை மட்டும் நீங்கள் எடுப்பதாகவும் மற்றதெல்லாம் அவரிடமே வரும் என்றும் நேரில் போய்ப் பேசுங்கள். பேசி முடித்தபின் நான்கு தவணையாக அடையுங்கள். முடிந்தால் பேல் கட்டிய பெட்டை வாங்க அவரிடமும் ஒரு விலை கேளுங்கள், சில நேரம் ஆலையைவிட அவர் ரொக்கத்துக்கு எடுப்பார்.

இன்னொன்று, மின் இணைப்பு, மேசைச் செலவெல்லாம் போட்டீர்கள், பிரிப்பவருக்குக் கூலி எங்கே? பொறுக்கப் போகாமல் கொட்டகையில் நின்று பிரிக்கும் இரண்டு பேருக்கு முதல் மூன்று மாதம் நாட்கூலி தனியாக வேண்டும். நாளுக்கு 500 என்றால் மாதம் 26,000, மூன்று மாதம் 78,000. மீதி 40,000 போக 38,000 குறைகிறது. பேல் இயந்திரத்தில் இன்னொரு விலைப்புள்ளி கேளுங்கள், கட்டண வசூலை முதல் மாதமே தொடங்குங்கள்.

#20 தராசுத்தட்டு

முத்திரைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தராசு வாங்கும்போது விற்பவரே முதல் முத்திரை போட்டுத் தரவேண்டும், ரசீதோடு சான்றையும் கேட்டு வாங்குங்கள். மாடல் ஒப்புதல் எண் பலகையில் இல்லாத மலிவுத் தராசுக்கு முத்திரை கிடைக்காது.